ஒக்டோபர் 31: கல்லில் இருப்பதும் நாங்கள் சேர்த்ததும்

மாங்குளம் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். காலைக் கூட்டத்துக்கு முன் 'இன்றைய நாளில்' என்று பலகையில் எழுதுவதற்காக ஒக்டோபர் 31இல் நடந்த சம்பவங்கள், பிறப்புகள், இறப்புகள் என்று நாற்பதுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறாராம். அதில் ஒன்று, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவர் 'பண்டாரவன்னியன் இறந்த நாள், 1803'. ஆனால் வவுனியாவில் சிலைக்கு மாலை போடுவது ஓகஸ்ட் 25இல். இரண்டில் எது சரி, எதைப் பிள்ளைகளுக்கு எழுதிப் போடுவது என்பது கேள்வி.

பார்த்தால் இரண்டு திகதிகளில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வது போல இருக்கிறது. ஆனால் கேள்வியின் கடைசி வரியில் 'மற்ற நாற்பதையும் எப்படி நம்புவது ஐயா' என்று ஒன்று கிடக்கிறது. உண்மையான கேள்வி அதுதான். முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம்: 1803 ஓகஸ்ட் 25 அவர் முல்லைத்தீவைப் பிடித்த நாள், ஒக்டோபர் 31 அவர் கற்சிலைமடுப் பக்கம் தோற்ற நாள். இரண்டுமே இறந்த நாள் என்று எழுத ஆதாரம் போதாது. இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நான் முப்பது வருசத்துக்கு மேல் வன்னியில் வரலாறு படிப்பித்தவன். சுவடிக்கூடத்தில் இருந்து ஆய்வு செய்தவன் அல்லன். அந்தக் காலத்தில் பாதி மர நிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் போனது. ஆனால் எங்கே படிப்பித்தாலும் ஒரு பலகை வைத்து அன்றைய திகதிக்கு ஏதாவது எழுதிப் போடுவேன். அதற்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. இடம்பெயர்ந்தபோது ஒரு கொப்பி போனது. பிறகு இன்னொன்று தொடங்கினேன், அதுவும் போனது. இப்போது இருப்பது மூன்றாவது. முதல் கொப்பியில் நான் எழுதி வைத்திருந்ததில் கால்வாசி பிழை என்று இப்போது தெரிகிறது. அதனால் அது போனதில் பெரிய கவலை இல்லை.

அந்தப் பிழைகளில் முதலாவது நீங்கள் கேட்ட இதே வரிதான், ரீச்சர். எண்பதுகளின் தொடக்கம், வேலைக்குச் சேர்ந்த புதிது, ஒட்டுசுட்டான் பக்கம். ஒக்டோபர் 31 காலையில் வெண்கட்டியால் பெரிய எழுத்தில் 'பண்டாரவன்னியன் வீரமரணம் அடைந்த நாள்' என்று எழுதிவிட்டு நின்றேன். பேத்தியின் விடுகைப் பத்திரம் எடுக்க ஒரு முதியவர் வந்திருந்தார். தோளில் துவாய், கையில் சைக்கிள். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒருக்கால் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார். "மாஸ்டர், செத்தது எண்டு கல்லிலை கிடக்கோ?" என்றார். கிடக்கும் என்றேன். கற்சிலைமடுப் பக்கம் நட்டிருந்த நினைவுக் கல்லைத்தான் அவர் சொன்னார். நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. "அந்தக் கல்லுக்குப் பக்கத்திலைதான் நான் மாடு கட்டினனான். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஒரு சேவையர் ஐயா வாசிச்சுச் சொன்னவர். தோத்தது எண்டுதான் கிடக்காம். தோத்தவன் எல்லாம் செத்தவனோ?"

அன்று பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கிழவர் சொன்னது சரி. கல்லில் உள்ள ஆங்கிலத்தின் பொருள் இதுதான்: இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803. கப்டன் ஆங்கிலேயரின் படை அதிகாரி. கொன்றார் என்று இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'இவ்விடத்தில்' என்று கூட இல்லை, 'அண்மையில்' என்றுதான் இருக்கிறது. கல்லை நட்டவர்களுக்கே சரியான இடம் தெரியாது, அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நானோ அதில் இல்லாத ஒரு மரணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். மறுநாள் பலகையில் திருத்தி எழுதினேன். பிள்ளைகள் திருத்தத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அந்த ஒரு திகதியை அவர்களில் எவரும் இன்றுவரை மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இந்தத் திகதி எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். எழுதி வைத்தவன் எதிரி. ஆங்கில அதிகாரி ஒரு சண்டையை முடித்தால் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை என்றால் நாளும் இடமும் இருக்க வேண்டும். அந்தக் கடிதங்களும் குறிப்புகளும் பின்னால் வந்த அதிகாரிகளின் கையில் சேர்ந்தன. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். வன்னியைப் பற்றி இன்று நாம் திகதியோடு சொல்வதில் பெரும்பகுதி அப்படிப்பட்ட எழுத்து வழியாக வந்ததுதான். நம்முடைய பக்கத்தில் கதை இருந்தது, கூத்து இருந்தது. கதைக்குத் திகதி தேவையில்லை, காட்டிக்கொடுத்தவன் ஒருவன்தான் தேவை. அதனால்தான் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவனாகக் காக்கை வன்னியன் வருகிறான். அவன் இருந்தானா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் போர்த்துக்கேயர் காலத்துச் சங்கிலி மன்னன் கதையிலும் காட்டிக்கொடுப்பவன் ஒரு காக்கை வன்னியன்தான். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இருநூறு வருசம். ஒரே பெயர் இரண்டு காலத்திலும் அதே வேலையைச் செய்தால், பலகையில் எழுத முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

அப்படியென்றால் அவர் எப்போது இறந்தார்? அந்தச் சண்டையில் பட்ட காயத்தோடு தப்பினார், கூட்டாளிகள் எடுத்துப் போனார்கள், பனங்காமப் பக்கம் இறந்தார் என்று ஒரு மரபு உண்டு. 1811 வரை உயிரோடு இருந்தார் என்று எழுதியவர்களும் உண்டு. இவற்றில் எதற்கும் மாதமும் திகதியும் வைத்துச் சொல்லுமளவு உறுதி கிடையாது. ஆகவே 'இறந்த நாள்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

சரி, ஓகஸ்ட் 25. இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது. அந்த வருசம் கண்டி இராச்சியத்தோடு ஆங்கிலேயர் போருக்குப் போய், கண்டியில் விட்டுவந்த படை ஜூன் 24இல் அழிந்தது. அதன் பிறகு கண்டிப் பக்கத்தார் கரையோரங்களைத் தாக்கத் தொடங்கினார்கள். அந்த அலையில்தான் பண்டாரவன்னியனும் அவர்களோடு சேர்ந்து எழுந்தார். முல்லைத்தீவில் இருந்த காவற்படை விரட்டப்பட்டது. ஆனையிறவு வரை துணிந்து வந்தார் என்று ஆங்கிலேயர்களே பின்னால் எழுதினார்கள். ஓகஸ்ட் 25இல் இருந்து ஒக்டோபர் 31 வரை எண்ணினால் 67 நாள். அந்த 67 நாளைத்தான் வன்னி இருநூறு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பின்னால் வந்தவர்கள் தோல்வி நாளை விட்டு வெற்றி நாளை நினைவு நாளாக எடுத்துக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நினைவு நாள் என்பது நாங்கள் தெரிவு செய்வது, இறந்த நாள் என்பது நடந்தது. இரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் பிழை வருகிறது. மடு மாதாவின் பெரிய திருவிழா ஓகஸ்ட் 15. மரியாள் விண்ணேற்றப்பட்ட திகதியை யாரும் குறித்து வைத்தது கிடையாது, திருச்சபை ஒரு நாளைக் குறித்து அன்று கூடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு நடந்து போகிறவர்களின் பக்தி குறைவதில்லையே. நத்தாரும் அப்படித்தான்.

இங்கே ஒரு சின்ன விலகல். எனக்குப் பஞ்சாங்கக் கணக்கில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. 1803 ஒக்டோபர் 31 என்ன கிழமை என்று கணக்குப் போட்டால் திங்கள் வருகிறது, ஓகஸ்ட் 25 வியாழன். நிலாவையும் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். ஒக்டோபர் 31 ஐப்பசிப் பூரணையை ஒட்டி விழுகிறது. என்னுடையது சராசரி மாதக் கணக்கு, ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆனாலும் பூரணைக்குப் பக்கம் என்பதில் சந்தேகம் இல்லை. சண்டை விடியப்புறம் நடந்தது என்கிறார்கள். அப்படியானால் மேற்கே நிலா இறங்கிக்கொண்டிருந்திருக்கும், காட்டு வழியில் படை நடத்த வெளிச்சம் இருந்திருக்கும். இது என் ஊகம், பலகைக்கு வேண்டாம். ஆனால் திதி பார்த்து நினைவுகூருவதென்றால் அந்த நாள் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் பூரணையோடு சேர்ந்து வரும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயில் கிட்டத்தில் இருக்கும்போது அது எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்று சில வேளை நினைப்பேன்.

இனி உங்கள் பட்டியலில் உள்ள மற்றவை. 1517இல் மார்ட்டின் லூதர் தன் 95 வாதங்களை விற்றன்பேர்க் தேவாலயக் கதவில் ஆணியடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைய திகதியிட்டு அவர் மைன்ஸ் பேராயருக்கு அவற்றை அனுப்பினார், அது உறுதி. கதவும் ஆணியும் அப்படி அல்ல. அந்தக் காட்சியை அச்சில் சொன்னவர் அவருடைய நண்பர் மெலாங்தொன், அதுவும் லூதர் 1546இல் இறந்த பிறகு. 1517இல் மெலாங்தொன் அந்த ஊரிலேயே இல்லை. ஆகவே 'பேராயருக்கு அனுப்பினார்' என்று எழுதுங்கள், சுத்தியலை எடுத்துவிடுங்கள்.

சர்தார் வல்லபாய் பட்டேல் 1875இல் பிறந்தார் என்பது இன்னும் சுவையானது. இந்தியாவே அந்த நாளை ஒருமைப்பாட்டு நாளாகக் கொண்டாடுகிறது, 2018இல் அதே நாளில்தான் அந்தப் பெரிய சிலையையும் திறந்தார்கள். ஆனால் அவர் பிறந்த நாள் எங்கும் பதியப்பட்டிருக்கவில்லை. மெற்றிக்குலேசன் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது ஏதாவது ஒரு திகதி எழுத வேண்டியிருந்தது, மனதில் வந்ததை எழுதினார். அது நிலைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். பிறப்புப் பத்திரம் தொலைந்து, பதிவும் எரிந்து, உத்தேச வயதுப் பத்திரத்தோடு பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேருக்கு நானே படிவம் நிரப்பியிருக்கிறேன். "என்ன திகதி போடுறது, சேர்?" என்று கேட்கும் பிள்ளையிடம் மழைக்கு முன்னோ பின்னோ, வட்டாப்பளைப் பொங்கலுக்கு முன்னோ பின்னோ என்று தாயைக் கேட்டு வரச் சொல்லுவேன். அப்படிக் கிட்டத்தட்ட ஒரு மாதம் கிடைக்கும். நாள் கிடைக்காது.

1984இல் இந்திரா காந்தி சுடப்பட்டு இறந்தது எல்லோருக்கும் தெரிந்தது, திகதியில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அப்போது வானொலியைச் சுற்றி நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையாகவே கொடுக்கலாம். மந்திரவாதி ஹூடினி இறந்த 1926, இசையமைப்பாளர் எஸ். டி. பர்மன் இறந்த 1975, செம்மங்குடி சீனிவாச ஐயர் இறந்த 2003, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு முதல் குழு புறப்பட்ட 2000 எல்லாம் சரி, யோசிக்காமல் எழுதலாம். 2011இல் உலக சனத்தொகை 700 கோடியானது என்பதில் 'ஆனதாக ஐ.நா. அறிவித்தது' என்று மாற்றுங்கள். எந்தக் குழந்தை எந்த நிமிடத்தில் 700 கோடியாவது ஆள் என்று யாராலும் எண்ண முடியாது, அது அடையாளத்துக்குக் குறித்த நாள்.

அமெரிக்கா முதல் ஐதரசன் குண்டை வெடித்தது 1952 ஒக்டோபர் 31 என்று இருக்கிறதே, அதில் நிறுத்தி யோசிக்க வேண்டும். வெடித்தது பசிபிக்கில் எனிவெற்றொக் தீவில், அங்கே நவம்பர் 1 காலை 7.15. கிறீன்விச் நேரப்படி அது ஒக்டோபர் 31 இரவு 7.15. வோசிங்டனிலும் 31தான். எங்கள் நேரத்துக்கு மாற்றினால் நள்ளிரவு தாண்டி 12.45, அதாவது நவம்பர் 1. ஒரே வெடி, இரண்டு திகதி, இரண்டும் சரி. நிகழ்ந்த இடத்தின் திகதியை எழுதுவது என்று நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன், அதன்படி இது உங்கள் பட்டியலில் இருந்து மறுநாளுக்குப் போக வேண்டும்.

இது தூரத்துத் தீவின் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1996இல் கொழும்பில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்கள். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அதே வருசம் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. 2006இல் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை எங்களுக்குப் பழைய நேரம், வவுனியாவுக்குப் புதிய நேரம். 2002இல் பாதை திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டும்போது எல்லோரும் கைக்கடிகாரத்தைத் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அல்லது வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது யோசியுங்கள். வவுனியா ஆசுப்பத்திரியில் புதிய நேரம் இரவு 12.15க்கு ஒரு பிள்ளை பிறக்கிறது. அதே கணம் கிளிநொச்சியில் இன்னொரு பிள்ளை பிறக்கிறது, அங்கே மணி 11.45. இரண்டு பிள்ளைக்கும் இரண்டு பிறந்த திகதி. சாதகம் கணிக்க வந்த சாத்திரியார் ஒருவர் "பழசோ புதுசோ?" என்றுதான் முதல் கேள்வி கேட்பார்.

சுனாமிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2004 டிசெம்பர் 26, மார்கழிப் பூரணை, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது கொழும்பு நேரம் காலை 6.58, முல்லைத்தீவில் எங்கள் மணிக்கூட்டில் 6.28. கடல் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டால் இரண்டு பேர் அரை மணித்தியால வித்தியாசத்தில் சொல்லுவார்கள். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது.

நள்ளிரவும் ஒரு கோடுதானே. 1964 டிசெம்பர் 22இல் வவுனியாப் பக்கமாக நாட்டைக் கடந்த சூறாவளி அன்றிரவே பாக்குநீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியை விழுங்கியது. எங்கள் பக்கத்தில் அது 22. அங்கே சிலர் 22 என்பார்கள், சிலர் 23 என்பார்கள். பயணிகள் ரெயில் கடலில் போனது நள்ளிரவுக்குச் சில நிமிடங்களுக்கு முன். பஞ்சாங்கப்படி பார்த்தால் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில், ஆகையால் அந்த இரவு முழுவதும் ஒரே நாள்தான். கணித மேதை இராமானுசன் பிறந்ததும் டிசெம்பர் 22 (1887) என்று அந்தப் பலகையில் சேர்த்து எழுதுவேன், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று.

இன்னொரு வகைச் சிக்கல் நாட்காட்டி மாறியதால் வருவது. சேக்சுபியரும் செர்வாந்தேசும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23இல் இறந்தார்கள் என்று புத்தக தினத்தன்று எல்லாப் பாடசாலையிலும் பேசுகிறோம். இங்கிலாந்து அப்போது பழைய யூலியன் நாட்காட்டியில் இருந்தது, ஸ்பெயின் புதிய கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது. இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். சேக்சுபியர் இறந்தது ஸ்பெயின் கணக்கில் மே 3. செர்வாந்தேசோ 22ஆம் திகதியே இறந்து 23இல் அடக்கப்பட்டார் என்றுதான் இப்போது பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். ரஷ்யாவின் ஒக்டோபர் புரட்சி நவம்பர் 7இல் கொண்டாடப்பட்டதும் இதனால்தான். நல்லவேளை, பண்டாரவன்னியன் விசயத்தில் இந்தத் தலையிடி இல்லை. ஆங்கிலேயர் 1752இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள், இலங்கைக் கரைக்கு வந்தது 1795-96இல். ஆகவே 1803இன் 31 இன்றைய கணக்கிலும் 31தான்.

'ஒரே நாளில் இத்தனை பெரிய விசயங்களா' என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஓகஸ்ட் 25க்குப் பட்டியல் போட்டால் இன்னும் பிளப்பார்கள். ஜேம்ஸ் வாட், ஹேர்ஷல், பரடே, பெக்குரல் நால்வரும் அந்தத் திகதியில் இறந்தவர்கள், கிருபானந்த வாரியார் பிறந்ததும் அன்றுதான் (1906). 2012இல் நிலவில் முதலில் கால் வைத்த ஆம்ஸ்ட்ரோங் இறந்த அதே நாளில் வொயேஜர் 1 விண்கலம் சூரியனின் காற்று எட்டும் எல்லையைத் தாண்டியது. அன்று அது ஒருவருக்கும் தெரியாது, நாசா அறிவித்தது அடுத்த வருசம். அதில் ஏதோ செய்தி இருப்பது போலத் தோன்றும். வருசத்துக்கு இருப்பதே 366 பெட்டிதான், உலகம் நடத்தியது எல்லாம் அதற்குள்தான் விழ வேண்டும். உங்கள் வகுப்பிலேயே பாருங்கள்: 23 பிள்ளைகள் இருந்தால் இருவருக்கு ஒரே பிறந்த நாள் வருவதற்கு அரைவாசிக்கு மேல் வாய்ப்பு, 40 பிள்ளைகள் என்றால் 89 வீதம். கணித ஆசிரியரை அழைத்து அன்று ஒரு பாடம் எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு அதில் பிடித்தது ஒரே திகதி அல்ல, ஒரே திகதியும் ஒரே வருசமும். 1803 ஒக்டோபர் 31 அன்றே வட ஆபிரிக்காவில் திரிப்போலித் துறைமுகத்துக்கு வெளியே அமெரிக்காவின் பிலடெல்பியா என்ற போர்க்கப்பல் தரைதட்டி, முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகளோடு சிறைப்பட்டது. மறுநாள் வட இந்தியாவில் லஸ்வாரியில் ஆங்கிலேயர் மராத்தியரோடு பெரிய சண்டை ஒன்றை நடத்தினார்கள். கற்சிலைமடுவில் நடந்ததை உலகத்துக்குள் வைத்துப் பார்க்க இந்த இரண்டும் போதும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் சில திகதிகளைப் பலகையில் எழுதத் தேவையில்லை. மே 18 அன்று உலகத்தில் யார் பிறந்தார், எந்த எரிமலை வெடித்தது என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. வெறும் பலகையைத் துடைத்து வைத்துவிடுவேன். உங்கள் வகுப்பில் தகப்பன் இறந்த திகதி தெரியாத வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பத்திரத்தில் ஒன்று இருக்கும், தாய் சொல்வது வேறொன்றாக இருக்கும், காணாமல் போனவர் என்றால் எதுவும் இருக்காது. துவசம் செய்யத் திதி தெரியாதவர்கள் தகப்பனுக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திரா பூரணையும் பிடிக்கிறார்கள். நினைவு நாளும் இறந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டி இராது. 'உங்கள் வீட்டு முக்கிய நாள்களை எழுதி வாருங்கள்' என்று மட்டும் வேலை கொடுத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். ஒரு பையன் வெறும் தாளைக் கொண்டு வந்து தந்தான்.

நடைமுறைக்கு வருவோம். நாற்பதையும் எழுத வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் முன் என்னிடம் நான் கேட்பது: இதை அந்த நாளிலேயே எழுதி வைத்தவர் யார், எந்த நாட்காட்டியில், எந்த இடத்து மணிக்கூட்டில்? மூன்றுக்கும் விடை தெரிந்தால் மேலே ஏறும். இல்லையென்றால் 'என்பர்' என்று சேர்ப்பேன், அல்லது விடுவேன். வருசம் மட்டும் தெரிந்ததற்குத் திகதி ஒட்டுவதில்லை. ஒரே வசனம் சொல்மாறாமல் பத்து இடத்தில் கிடைத்தால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் பார்த்து எழுதியது.

முதல் வரியாக இதை எழுதுங்கள்: '1803 ஒக்டோபர் 31, திங்கட்கிழமை. கற்சிலைமடுவுக்கு அண்மையில் பண்டாரவன்னியன் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றார். முல்லைத்தீவை அவர் பிடித்து 67ஆம் நாள்.' மாங்குளத்தில் இருந்து கற்சிலைமடுவுக்கு ஒட்டுசுட்டான் வீதியால் பஸ்ஸில் போகலாம். முடிந்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கல்லில் இருந்ததை அவர்களையே தமிழில் சொல்ல வையுங்கள். 'அண்மையில்' என்ற சொல்லை விட்டுவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.